பேறுகாலத் தோழி

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். அப்பெயர் வந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேளாதவர் நம்முள் அரியர். வணிகர் குலத்துப் பெண்ணொருத்தி சிராப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பேறுகாலம் நெருங்கிற்று. உதவிக்கென்று புறப்பட்ட தாய் வழியில் காவிரி வெள்ளத்தால் தடைப்பட்டு அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலியெடுத்த மகள் இறைவனை அழைத்தாள். அவன் அவளுடைய தாயின் வடிவிலேயே வந்தான். உடனிருந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடியும்வரை பணிவிடையும் செய்தான். வெள்ளம் வடிந்த பின் உண்மைத் தாய் வந்து சேர, ஒரே வீட்டில் இரு தாயரைக் கண்டு மகள் திகைத்தாள். அவர்களுள் ஒருத்தி மறைந்தாள். தலபுராணம் கூறும் வரலாறு இது.

இக்கதையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இறைவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம்; வலியே இல்லாமல் பிள்ளை பிறக்க அருளியிருக்கலாம்; பெரிய மருத்துவனாய் வந்து நின்றிருக்கலாம். கதை சொன்ன நம் முன்னோர் இவற்றுள் ஒன்றையும் கொள்ளவில்லை. அவனைத் தாயாக்கி, வலியில் கிடப்பவள் அருகே உட்கார வைத்தனர். பேறுகாலத்தில் ஒரு பெண்ணுக்கு முதற்கண் வேண்டுவது யாது என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை.

தலைநகரில் வாழும் நமக்கும் நம் தாய்வீட்டுக்கும் இடையே காவிரி இல்லை. ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் இருப்புப்பாதை இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அவ்வழக்கம் இன்று எல்லார்க்கும் இயல்வதாய் இல்லை. அலுவலகம் செல்லும் பெண்ணுக்கு ஏழாம் மாதமே ஊருக்குப் போக விடுப்புக் கிடைப்பதில்லை. ஊரிலுள்ள தாயும் வேலை பார்ப்பவளாகவோ, முழங்கால் வலியோடு இருக்கும் முதியவளாகவோ இருக்கிறாள். அவள் வருவதற்கு டிக்கெட் எடுத்து வைத்தாலும், பிள்ளை பத்து நாள் முந்திக்கொண்டு விடுகிறது. ஆதலின் நம் காலனிப் பெண்கள் பலர் இந்நகர மருத்துவமனைகளிலேயே பிள்ளை பெறுகின்றனர். கணவன் பிரசவ அறையின் கதவுவரை வருகிறான். அதற்கப்பால் அவள் தனியள். அத்தனிமை எவ்வாறு வந்தது, அதனைப் போக்க உலகில் யார் யார் என்ன செய்தனர் என்பதைச் சிறிது விரிவாகவே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

மேலைநாட்டார் இப்பொழுது இத்தகைய துணைவிக்கு ‘டூலா’ என்று பெயரிட்டு வழங்குகின்றனர். இச்சொல் கிரேக்கம், அடிமைப் பெண், பணிப்பெண் என்பது அதன் பழம் பொருள். லூக்கா எழுதிய நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் மரியாள் தன்னை ஆண்டவரின் அடிமை என்று சொல்லிக்கொள்ளுமிடத்தில் வருவதும் இச்சொல்லே. டானா ரபேல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1973-ல் தாய்ப்பாலூட்டுதலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்திலிருந்து அவள் பாலூட்டப் பழகும்வரை தேற்றி உதவும் பெண்ணை அந்நூலில் அவர் ‘டூலா’ என்று குறித்தார். பின்னர் வந்தவர்கள் அப்பெயரைப் பிரசவ அறைக்கும் கொண்டு சென்றனர். அடிமை என்னும் பொருளுடைய சொல்லை இவ்வளவு உயர்ந்த தொண்டுக்குச் சூட்டியது நமக்கு அவ்வளவாக உவப்பில்லை. நம் மொழியில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. சங்க நூல்களில் தலைவிக்கு உற்ற துணையாய் இருப்போர் செவிலியும் தோழியும் ஆவர். செவிலி என்னும் பெயரை மருத்துவமனைத் தாதியர்க்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், தோழி எஞ்சியிருக்கிறாள். பேறுகாலத் தோழி என்றே நாம் இவளை அழைப்போம்.

இவள் மருத்துவச்சி அல்லள் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். நாடி பார்ப்பதும், வயிற்றைத் தொட்டுச் சோதிப்பதும், மருந்து கொடுப்பதும், பிள்ளையை ஏந்துவதும் இவள் வேலையல்ல. அவற்றுக்கெல்லாம் கற்றவர்கள் இருக்கிறார்கள். இவள் செய்வது உடனிருத்தல் ஒன்றே. இடுப்பைப் பிடித்துவிடுவாள்; கையைப் பற்றிக்கொள்வாள்; ஒரு மிடறு தண்ணீர் தருவாள்; எழுந்து நாலு அடி நடக்கத் துணை நிற்பாள்; இப்பொழுது என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கும் என்று காதோடு சொல்வாள்; வலி வரும்போதும் ஓயும்போதும் எழுந்து போகாமல் இருப்பாள். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். இவ்வளவுதான். இவ்வளவுக்கும் எத்துணைப் பயன் உண்டு என்பதே நாம் சொல்லவந்த செய்தி.

பேறு பார்க்கும் அறையில் பெண்கள் கூடியிருப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. மூன்று நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருத்திக்கு வலியெடுத்தால், அண்டை வீட்டுப் பெண்களையும் உறவுப் பெண்களையும் அழைத்துவர ஆள் போவான். அவர்கள் வந்து அறையை அடைத்து இருளாக்கி, நெருப்பு மூட்டி, முட்டையும் மதுவும் நறுமணப் பொருள்களும் கலந்து காய்ச்சிய ஒரு பானத்தைத் தாய்க்குக் கொடுத்து, தாங்களும் பருகி, பிள்ளை பிறக்கும்வரை உடனிருப்பர். இவ்வாறு அழைக்கப்பட்ட பெண்களுக்குக் ‘காசிப்’ என்று பெயர். திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோராய் நின்று உறவாவோரைக் குறித்த சொல் அது; நாளடைவில் பேற்றுக்கு அழைக்கப்படும் தோழியரைக் குறித்தது. அச்சொல்லே இன்று ஆங்கிலத்தில் வம்பளப்பு என்னும் பொருளில் வழங்குகிறது. கதவுக்கு வெளியே நின்ற ஆடவர் கொடுத்த பொருளாக இருக்கலாம்!

இவ்வழக்கம் மறைந்தது ஒரே நாளில் அன்று. முதலில் ஆயுதத்தோடு ஆண் மருத்துவர் அறைக்குள் வந்தனர். பின்னர்ப் பெண் வீட்டை விட்டு மருத்துவமனைக்குப் போனாள். 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பேற்று வலிக்குக் குளோரோபாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1853-ல் விக்டோரியா அரசியார் தம் மகன் லியோபோல்டு பிறந்தபோது அதனை ஏற்றுக்கொண்டபின் எதிர்ப்பு அடங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரிலிருந்து ‘அந்தித் துயில்’ என்னும் முறை புகழ் பெற்றது. மார்பினும் ஸ்கோபாலமினும் கலந்து கொடுப்பர். வலி தெரியாது என்பது பேச்சு. உண்மையில் வலி இருக்கும். அதன் நினைவுதான் இராது. அமெரிக்கச் செல்வக் குடும்பத்துப் பெண்களே 1914-ஐ ஒட்டிச் சங்கம் கூட்டி இம்முறை தமக்கு வேண்டும் என்று போராடினர். தன் நினைவின்றிக் கட்டிலில் புரளும் பெண்ணைக் கீழே விழாமல் கட்டி வைக்க நேர்ந்தது. அக்காட்சியை உறவினர் காணலாகாது. ஆதலின் உறவினர் வெளியே நிறுத்தப்பட்டனர்.

அமெரிக்காவில் 1900-ல் இருபதில் ஒரு பேறுகூட மருத்துவமனையில் நிகழவில்லை. 1940-ல் பாதிக்குச் சற்று மேல். 1955-க்குள் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனைக்கே வந்துவிட்டன. 1958-ல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்னும் மாதர் இதழ், பிரசவ அறைகளில் நடக்கும் கொடுமையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. மணிக்கணக்கில் தனியே கட்டிலோடு பிணிக்கப்பட்டுக் கிடந்ததைத் தாய்மார்கள் எழுதிய கடிதங்களால் நாடே அறிந்துகொண்டது.

இதனைக் கொண்டு மருத்துவமனை தீயது, வீடே நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டா. அதே அமெரிக்காவில் 1930-ல் ஒரு லட்சம் பேறுகளுக்கு 600-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1955-ல் அத்தொகை 50-க்கும் கீழே வந்துவிட்டது. சல்பா மருந்துகள், பெனிசிலின், இரத்தம் ஏற்றுதல், தேர்ந்த மருத்துவர் ஆகியவற்றின் கொடை அது. நம் நாட்டிலும் தூய்மையற்ற கத்தியால் கொடி அறுத்ததனால் இசிவு கண்டு மாண்ட பச்சிளங் குழந்தைகளுக்குக் கணக்கில்லை. பழைய அறையில் அன்பு இருந்தது. பல வேளைகளில் உயிர் இருக்கவில்லை. புதிய அறையில் உயிர் காக்கப்பட்டது. அன்பு கதவுக்கு வெளியே காத்திருந்தது. இரண்டும் ஒருங்கே இருக்கக்கூடாதா என்று கேட்க வேண்டியவர் யார்? வேடிக்கை என்னவெனின், அக்கேள்வியைக் கேட்டவர்கள் மகப்பேற்று மருத்துவர்கள் அல்லர். குழந்தை மருத்துவர் இருவர்.

மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்பன அவர்கள் பெயர். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். பிறந்தவுடன் தாயும் சேயும் சேர்ந்திருத்தலால் விளையும் நன்மையை ஆராய்ந்து வந்தனர். அவ்வாராய்ச்சி நடு அமெரிக்காவிலுள்ள குவாதமாலா நாட்டுக்கு அவர்களை அழைத்துச் சென்றது. அங்கே பெருந்திரளான பெண்கள் வந்து பிள்ளை பெறும் அரசு மருத்துவமனையில் கணவனுக்கும் இடமில்லை, தாய்க்கும் இடமில்லை. ஆராய்ச்சிக்குத் துணைசெய்த மாணவி ஒருத்தி, தனக்கு இட்ட பணியைத் தவறாகப் புரிந்துகொண்டு, வலியிலிருந்த பெண்களுடனேயே தங்கிவிட்டாள். அவள் உடனிருந்த பெண்களுக்குப் பேறு எளிதாயிற்று என்பதைப் பின்னர்தான் கவனித்தனர். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

இதனை முறையாகச் சோதித்துப் பார்க்கத் துணிந்தனர். முதற்பேற்றுக்கு வந்த நலமான பெண்களைச் சீட்டெடுப்பது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மருத்துவமனையின் வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினர்க்கு அதனோடு ஒரு பெண் துணை. அத்துணைவி முன்பின் அறியாதவள். மருத்துவம் கற்றவளும் அல்லள். முதுகைத் தடவிக் கொடுத்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேசிக்கொண்டிருந்தாள்; அவ்வளவே. இதன் முடிவு 1980-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. சிக்கலின்றிப் பேறு முடிந்தவர்களை ஒவ்வொரு பிரிவிலும் 20 பேர் எடுத்து ஒப்பிட்டனர். மருத்துவமனையில் சேர்ந்தது முதல் பிள்ளை பிறக்கும்வரை, தனித்திருந்தவர்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம். துணை பெற்றவர்களுக்கு 8.8 மணி நேரம்!

இவ்வெண்களைவிட நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு கணக்கு. சிக்கலின்றிப் பெற்ற அந்த 20 பேரைத் திரட்டுவதற்குத் துணையுள்ள பிரிவில் 33 பெண்களைச் சேர்த்தால் போதுமாயிருந்தது. துணையற்ற பிரிவில் 103 பெண்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எஞ்சியவர்களுக்குச் சிசேரியன் அறுவையோ, குழந்தை வயிற்றிலேயே மலம் கழித்தலோ, பிறிதொரு தொல்லையோ நேர்ந்தது. ஒரு கை பற்றிக்கொண்டிருந்ததற்கும் பற்றாமலிருந்ததற்கும் உள்ள தொலைவு அது. துணை பெற்ற தாய்மார்கள் பேற்றுக்குப் பின் மிகுதியாக விழித்திருந்தனர், குழந்தையைத் தடவிச் சிரித்துப் பேசினர் என்பதும் அக்கட்டுரையில் கண்ட செய்தி.

நாற்பது பேரை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்லலாமா என்று மருத்துவர்கள் கேட்டது நியாயமே. அதே இருவரும் தோழரும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜெபர்சன் டேவிஸ் மருத்துவமனையில் 412 பெண்களைக் கொண்டு மறுபடி சோதித்து 1991-ல் வெளியிட்டனர். இம்முறை அவர்கள் செய்த ஏற்பாடு மிக நுட்பமானது. ஒரு பகுதிப் பெண்களுக்குத் தோழி உடனிருந்தாள். வேறொரு பகுதியினர் அறையில் ஒரு பெண் ஓரமாய் உட்கார்ந்து குறிப்பெழுதினாள். வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. இவர்களோடு வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்டனர். சிசேரியன் அறுவை நேர்ந்தது, தோழி பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு; ஊமையாய் ஒருத்தி அமர்ந்திருந்த பெண்களில் 13 பேருக்கு; எவருமில்லாதவர்களில் 18 பேருக்கு. முதுகில் போடும் வலிநீக்க ஊசியைக் கேட்டுப் பெற்றவர்கள் முறையே 8, 23, 55 பேர். பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அப்பெண்ணை நாம் மறக்க முடியவில்லை. அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் அறையில் ஓர் உயிர் இருந்தது.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930-களிலேயே இதற்கு ஒரு விடை கூறினார். அச்சம் உடலை இறுக்குகிறது. இறுகிய உடல் வலியைப் பெருக்குகிறது. பெருகிய வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்றார். பின்வந்த உடலியல் அறிஞர் இதனைச் சுரப்பிகளைக் கொண்டு விளக்குவர். கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர். அச்சத்தில் ஊறும் அட்ரினலின் அதன் வேலைக்கு இடையூறு செய்யும். காட்டில் கன்று ஈனும் மான், புலியின் அரவம் கேட்டால் ஈனுதலை நிறுத்தி எழுந்தோட வேண்டும் அல்லவா? அந்த அமைப்பே பெண்ணிடமும் இருக்கிறது. அறிமுகமற்ற அறை, விளக்கு வெளிச்சம், அதட்டும் குரல் ஆகியவை அவள் உடலுக்குப் புலியின் அரவமே.

எனினும் துணை என்ற பெயரில் யாரை நிறுத்தினாலும் போதும் என்பதில்லை. 2002-ல் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 13 மருத்துவமனைகளில் 6,915 பெண்களைக் கொண்டு எல்லன் ஹாட்னட் என்பவரும் பிறரும் செய்த ஆராய்ச்சி இதனைக் காட்டிற்று. அங்கே துணையாய் நின்றவர்கள் மருத்துவமனைச் செவிலியரே. சிசேரியன் அறுவையின் அளவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. செவிலியரைக் குறைசொல்வது நம் கருத்தன்று. அவர்களுக்கு மருத்துவமனையின் நூறு கட்டளைகள். கருவியைப் பார்க்க வேண்டும், ஏடு எழுத வேண்டும், மருத்துவர்க்கு விடை கூற வேண்டும். வலியிலிருப்பவளுக்கு மட்டுமே கடமைப்பட்ட ஒருத்தி வேண்டும் என்பதே இதனால் நாம் அறிவது. 2017-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு 17 நாடுகளில் 15,858 பெண்களைக் கொண்டு செய்யப்பட்ட 26 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இடைவிடாத் துணை பெற்றவர்களிடையே அறுவையின் வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது; பேற்று நேரமும் சிறிது குறைந்தது; தம் பேற்றை வெறுப்போடு நினைவுகூர்ந்தவர்கள் குறைந்தனர். குவாதமாலாவில் கண்ட பத்து மணி நேர வேறுபாடு மற்ற இடங்களில் இல்லை என்பதையும் சொல்லிவிடுவது முறை. தனிமை மிகக் கடுமையாய் இருந்த இடத்தில் துணையின் பயனும் மிகப் பெரிதாய் இருந்தது போலும்.

இனி நாடுகள் செய்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 1985-ல் பிரேசில் நாட்டுப் போர்த்தலேசா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, பேற்றின்போது பெண் தேர்ந்துகொள்ளும் உறவினர் ஒருவர்க்குத் தடையின்றி இடமளிக்க வேண்டும் என்றது. 2005-ல் பிரேசில் அதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பேறுகாலப் பரிந்துரைகளிலும் இது இடம்பெற்றது. ஆயினும் கொடுத்த உரிமையை மீண்டும் பறிக்க நெடுநேரம் ஆகாது. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றுப் பரவியபோது நியூயார்க் நகர மருத்துவமனைகள் சில, பேற்றுக்கு வந்த பெண்களைத் தனியே உள்ளே வருமாறு பணித்தன. தாய்மார்கள் கொதித்தெழுந்தனர், அம்மாதம் முடிவதற்குள் ஒருவரையேனும் உடன்விட வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட நேர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை எழும்பூரில் மகப்பேற்று மருத்துவமனை 1844-ல் தொடங்கிற்று. பெண்களுக்குப் பெண் மருத்துவரால் சிகிச்சை கிடைக்கச் செய்ய 1885-ல் டப்பரின் சீமாட்டி நிதி ஏற்பட்டது. 1903-ல் கர்சன் சீமாட்டியின் முயற்சியால், ஊர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தருவதற்கென்று விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி எழுந்தது. இத்தலைநகரில் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரி 1916-ல் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் எழுதிய அறிக்கைகளில் மருத்துவச்சி பெரும்பாலும் அழுக்குக் கையளாகவே தோன்றுகிறாள். தூய்மையைப் பற்றி அவர்கள் சொன்னது மெய்யே. ஆனால் அவள் கொண்டுவந்த வேறொன்றை அவ்வறிக்கைகள் எண்ணிப் பார்க்கவில்லை. அவள் இரவு முழுதும் எழுந்து போகாமல் இருந்தாள்.

அமெரிக்கா ஐம்பது ஆண்டில் கடந்த தொலைவை நாம் பதினைந்தே ஆண்டில் கடந்தோம். 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 39 பேறுகளே மருத்துவமனைகளிலும் நலவாழ்வு நிலையங்களிலும் நடந்தன. 2019-21 ஆய்வில் அது 89 ஆயிற்று. 2005-ல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டமும், வீடு வீடாய்ச் சென்று கருவுற்றவர்களை அழைத்துவரும் ஆஷா தொண்டர்களும் இதற்குப் பெருங்காரணம். 2018-20-ல் நாட்டின் பேறுகால இறப்பு லட்சத்துக்கு 97 என்னும் அளவுக்குத் தாழ்ந்தது. இது சிறிய வெற்றியன்று. ஆனால் இத்தனை கோடிப் பெண்கள் இவ்வளவு விரைவில் வந்து சேர, பிரசவ அறைகள் அதற்கேற்ப விரியவில்லை. ஒரே கூடத்தில் கட்டில்கள் வரிசையாய் இருக்கும். இடையே திரை இராது. ஒருத்தியின் உறவினரை உள்ளே விட்டால் அடுத்தவளின் மானம் என்னாவது என்று தலைமைச் செவிலி கேட்டால் நாம் என்ன விடை கூற முடியும்? கதவு மூடப்பட்டதற்குக் கொடுமனம் மட்டும் காரணமன்று. திரைச்சீலை இல்லாமையும் காரணம்.

இதில் தமிழ்நாடு முன்னே நின்றது என்பதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமையுண்டு. மத்திய அரசு எண்ணுவதற்குப் பல ஆண்டு முன்னரே அங்கே அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைவரை அனுமதிக்கும் திட்டம் வந்துவிட்டது. மத்திய அரசு 2016 பிப்ரவரியில் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பிற்று. துணையாய் வருபவள் உறவுப் பெண்ணாயிருத்தல் வேண்டும், தானும் பிள்ளை பெற்றவளாயிருப்பது நன்று, தொற்றுநோய் இருத்தலாகாது, தூய உடை உடுத்தியிருத்தல் வேண்டும், முடியும்வரை உடனிருக்க இசைய வேண்டும், மருத்துவர், செவிலியர் வேலையில் குறுக்கிடலாகாது, அறையிலுள்ள வேறு பெண்களிடம் போகலாகாது என்று அது கூறுகிறது. தனி மறைவு உள்ள இடங்களில் கணவனையும் விடலாம் என்கிறது. 2017 டிசம்பரில் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டம் பிரசவ அறைகளைச் செப்பம் செய்வதில் இதனையும் ஓர் அளவுகோலாக வைத்தது.

ஆணை இருக்கிறது, அதனை அறிந்தவர் சிலரே. நம் காலனியில் அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களிடம் பேசிப் பார்த்தோம். துணைக்கு ஒருத்தி வரலாமா என்று முன்கூட்டிக் கேட்டவர்கள் அவர்களுள் மிகச் சிலர். கேட்டவர்களுக்கு எல்லா இடத்திலும் மறுப்பு வரவில்லை. சேர்க்கும் நாளன்று நள்ளிரவில் வாயிற்காவலனிடம் வாதாடுவதைவிட, ஏழாம் எட்டாம் மாதச் சோதனைக்குப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுப் பெயரைக் குறித்து வைக்கச் சொல்வது தக்கது. பெருநகரங்களில் பயிற்சி பெற்றுக் கட்டணம் வாங்கிப் பணியாற்றும் டூலாக்கள் இப்பொழுது உளர். வசதியுள்ளவர் அவர்களை அமர்த்திக்கொள்ளலாம். நமக்கு அவ்வளவு தொலைவு போகவேண்டுவதில்லை. அடுத்த பிளாக்கில் மூன்று பிள்ளை பெற்ற மாமி இருக்கிறார். எதிர் வீட்டில் பணி ஓய்வு பெற்ற அக்கா இருக்கிறார். குவாதமாலாவில் துணை நின்றவள் பேற்றுக்கு வந்தவளின் ஊரும் பேரும் அறியாதவள். நம் மாமியோ அவளுடைய வளைகாப்புக்கு வந்து வளையல் அடுக்கியவர்.

மாமிக்கு நம் ஊரிலே வேறொரு வேலையும் உண்டு. நம் பெண்கள் கடைவீதி இந்தி நன்றாகவே பேசுவார்கள். வலி உச்சத்தில் ஏறும்போது அந்த இந்தி எங்கோ போய்விடுகிறது. ‘அம்மா’ என்று தமிழில்தான் அலறல் எழுகிறது. செவிலி ‘ஜோர் லகாவோ’ என்று சொல்ல, என்ன செய்யச் சொல்கிறாள் என்றே விளங்காமல் விழித்ததாக ஒரு பெண் நம்மிடம் கூறினாள். விளங்கியபோது ஒரு வலி வீணாய்ப் போயிருந்தது. ஆகவே துணைக்குப் போகும் மாமிமார் நாலு சொற்களை முன்னமே பழகிக்கொள்வது நல்லது. ‘ஜோர் லகாவோ’ என்றால் முக்கச் சொல்கிறார்கள். ‘அபீ நஹீம்’ என்றால் இப்பொழுது முக்காதே என்று பொருள். ‘லம்பீ ஸாம்ஸ் லோ’ என்றால் மூச்சை ஆழ இழுக்கச் சொல்கிறார்கள். செவிலி சொன்ன மறுகணமே அதைத் தமிழில் அவள் காதில் சொல்லிவிட வேண்டும். அவள் தமிழில் கேட்பதைச் செவிலிக்கு இந்தியில் சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்டாளா, முதுகு வலிக்கிறது என்றாளா, பயமாயிருக்கிறது என்றாளா என்பது மாமிக்குத்தான் தெரியும்.